ஒரு வேலை, நாலு பிள்ளைகள்: கிறிஸ்தோ ரேய் பள்ளி நடக்கும் விதம்

"அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளியில் பிள்ளைகளே அலுவலக வேலைக்குப் போய்ப் படிப்புச் செலவைச் சம்பாதிக்கிறார்களாமே, அது ஊர் ஊராகப் பரவியும் வருகிறதாமே? இது குழந்தைத் தொழிலாளர் முறை ஆகாதா? வேலைக்கும் போய்க்கொண்டு எப்போது படிக்கிறார்கள், எப்போது விளையாடுகிறார்கள்? நம் ஊரில் இப்படிச் செய்ய முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்விப்பட்டது சரிதான். பள்ளியின் பெயர் கிறிஸ்தோ ரேய். ஸ்பானிய மொழியில் 'கிறிஸ்து அரசர்' என்று பொருள். 1996-ல் சிகாகோவில் இயேசு சபையார் என்ற கத்தோலிக்கத் துறவிகள் தொடங்கியது. இன்று அதே முறையில் அமெரிக்க நகரங்களில் ஏறக்குறைய 40 பள்ளிகள் நடக்கின்றன. 12,000 பிள்ளைகளுக்கு மேல் படிக்கிறார்கள். நான் அங்கே ஆசிரியராக இருந்தவன் அல்ல. நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு இந்த வகைப் பள்ளி ஒன்றிலிருந்து சில ஆண்டுகள் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதும் மாலையில் நேர அட்டையில் கையெழுத்துப் போடுவதும் என் தலையில் விழுந்தது. அப்போது தொற்றிய ஆர்வத்தில் படித்ததும் விசாரித்ததும் பார்த்ததும்தான் இந்தப் பதில்.

முதலில் பணத்தைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் இந்தப் பள்ளியின் விநோதங்கள் எல்லாமே பணமில்லாமையில் முளைத்தவை.

நம் ஊரில் சாமியார் பள்ளி, சிஸ்டர் பள்ளி என்றால் பெரும்பாலும் அரசு உதவி பெறும் பள்ளி. நிர்வாகம் சபையுடையது, ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது. பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளையும் மீனவர் வீட்டுப் பிள்ளையும் அங்கே படித்து வந்ததற்கு அந்தச் சம்பளப் பட்டியல் ஒரு பெரிய காரணம். அமெரிக்காவில் அந்த வழி அடைபட்டது. கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்துக்கு உதவ பென்சில்வேனியாவும் ரோட் ஐலண்டும் சட்டம் போட்டன. மதத்தையும் அரசையும் பின்னிவிடும் என்று 1971-ல் உச்ச நீதிமன்றம் அவற்றைத் தள்ளிவிட்டது. அதுவரை பாரத்தைச் சுமந்தவர்கள் கன்னியர்கள், அதாவது பாடம் நடத்திய துறவறச் சகோதரிகள். சாப்பாடும் தங்குமிடமும் போக அவர்கள் கையில் வாங்கியது சொற்பம். 1960களின் நடுவில் அந்நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 52 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள். கன்னியர் எண்ணிக்கை குறைந்து, குடும்பம் குட்டியோடு வாழும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டி வந்ததும் கட்டணம் ஏறியது. இன்று பிள்ளைகள் 17 லட்சத்தை ஒட்டித்தான். இழுத்து மூடப்பட்டவற்றில் நகரத்து ஏழைப் பகுதிப் பள்ளிகள் நிறைய.

இப்படி எல்லோரும் மூடிக்கொண்டிருந்த காலத்தில்தான் சிகாகோவின் பில்சன் பகுதியில் புதிதாக ஒன்றைத் திறக்கும் பேச்சு வந்தது. பில்சன் முன்பு செக் நாட்டிலிருந்து வந்தவர்களின் பேட்டை. அந்நாட்டு நகரம் ஒன்றின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். பிறகு மெக்சிகோக்காரர்கள் நிறைந்தார்கள். அவர்களுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று சிகாகோ பேராயர் கர்தினால் ஜோசப் பெர்னார்டின் இயேசு சபையாரிடம் கேட்டார். சபையார் அந்தத் தெருக்களில் போய் விசாரித்தபோது, எங்கள் பிள்ளைகள் பாதியில் நிற்காமல் படித்து முடிக்க ஒரு மேல்நிலைப் பள்ளி வேண்டும் என்றார்கள் மக்கள். சபைக்கு அங்கிருந்து வெகு தூரமில்லாத இடத்தில் 1870-லிருந்து புனித இக்னேஷியஸ் பெயரில் பெரிய பள்ளி ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் ஓட்டலில் பாத்திரம் கழுவும் அப்பாவும் அலுவலகம் பெருக்கும் அம்மாவும் அந்தக் கட்டணத்தை எட்டிப் பிடிக்க முடியாது. பெரு நாட்டில் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியிருந்த ஜான் ஃபோலி என்ற குருவைத் தலைவராக வரவழைத்தார்கள். ஆள் வந்தார், பணத்துக்கு வழி தெரியவில்லை. நன்கொடையை மட்டும் நம்பினால் நாலு ஆண்டில் மூட வேண்டியதுதான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்போது ஆலோசகர் ஒருவர் சொன்ன யோசனைதான் இது: ஒரு முழுநேர அலுவலக வேலையை நாலு மாணவர்கள் பங்குபோட்டுக்கொள்ளட்டும், நிறுவனம் கொடுக்கும் கூலி நேராகப் பள்ளிக்கு வரட்டும்.

கணக்கு எளிது. ஒவ்வொரு பிள்ளையும் மாதத்தில் 5 நாள் வேலைக்குப் போகும். வாரத்தில் ஒரு நாள் அதற்கென்று நிலையாக ஒதுக்கப்பட்டிருக்கும். ஒன்பதாம் வகுப்புக்குச் செவ்வாய் என்றால் பத்தாம் வகுப்புக்குப் புதன், இந்த மாதிரி. மிச்சமுள்ள நாள் நாலு பேருக்கும் முறை வைத்துச் சுற்றி வரும். ஆக, நிறுவனத்தின் அந்த நாற்காலி ஒரு நாளும் காலியாக இருக்காது. வேலை ஒன்றுக்கு நிறுவனம் ஆண்டுக்கு, ஊரைப் பொறுத்து, 30,000 முதல் 40,000 டாலர் வாக்கில் கொடுக்கிறது. ஒரு பிள்ளையின் படிப்புச் செலவில் ஏறக்குறைய பாதி இதில் வந்துவிடும். மீதியில் நன்கொடை ஒரு பங்கு, சில மாநிலங்களில் அரசின் கல்விச் சீட்டு (தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு குடும்பத்துக்குத் தரும் உதவி) ஒரு பங்கு, குடும்பம் தன் வருமானத்துக்கு ஏற்பக் கொடுக்கும் சிறு தொகை ஒரு பங்கு. அந்தச் சிறு தொகையை எந்தக் குடும்பத்துக்கும் முழுதாகத் தள்ளுபடி செய்ய நிர்வாகிகள் தயங்குவார்கள். நூறு டாலர் கொடுத்தாலும் கொடுத்தவர் வாசலில் நின்று கேள்வி கேட்பார் என்பது அவர்கள் எண்ணம். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

குழந்தைத் தொழிலாளர் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் மட்டும் கேட்கவில்லை, அமெரிக்கத் தொழிலாளர் துறைக்கும் அதே உறுத்தல் இருந்தது. அந்நாட்டுச் சட்டப்படி 14, 15 வயதுப் பிள்ளைகள் பள்ளி நேரத்தில் வேலை செய்யக் கூடாது. கிறிஸ்தோ ரேய் பள்ளியில் சேரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது 14. கடைசியில் 2010-ல் விதியைத் திருத்தி, படிப்போடு சேர்ந்த வேலைத் திட்டங்களுக்கு என்று தனிப் பிரிவு சேர்த்தார்கள். நாலு வாரச் சுற்றில் மூன்று வாரம் பள்ளி நேரத்தில் ஒரே ஒரு நாள், ஒரு வாரம் மட்டும் இரண்டு நாள், எந்த நாளும் 8 மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாதத்துக்கு 5 நாள் என்ற பள்ளியின் கணக்கை அப்படியே சட்டமொழியில் எழுதியது போலிருக்கும் அந்த விதி. ஆபத்தான வேலை, இயந்திர வேலை எதற்கும் அனுப்ப முடியாது. பிள்ளைக்குச் சட்டப்படி முதலாளி அந்த நிறுவனமும் அல்ல. பள்ளியோடு இணைந்த தனி அமைப்பு ஒன்று ஆள் அனுப்பும் நிறுவனம்போலச் செயல்படுகிறது. வேலை சரியில்லை என்றால் பிள்ளை புகார் சொல்லப் போகும் இடம் அதுதான்.

என் கருத்தைக் கேட்டால், கூலி பிள்ளையின் கைக்கு வராமல் பள்ளிக்குப் போவது முதலில் எனக்கும் உறுத்தியது. பிறகு யோசித்தால், இங்கே அமெரிக்காவில் பதினாறு வயதில் எத்தனையோ பிள்ளைகள் பள்ளி விட்டதும் இரவு பத்து மணிவரை பர்கர் கடையில் நிற்கிறார்கள். அந்தக் கூலி வீட்டு வாடகைக்குப் போகும், படிப்பு அப்படியே கிடக்கும். அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனால் ஏழைப் பிள்ளைதான் உழைத்துப் படிக்க வேண்டும், வசதியுள்ள பிள்ளை சும்மா படிக்கலாம் என்ற ஏற்பாட்டில் நியாயம் இல்லை என்று ஒருவர் சொன்னால், அவரோடு வாதாட என்னிடம் பதில் கிடையாது.

இனி மாணவர் வாழ்க்கை. அது வகுப்பு தொடங்கும் முன்பே, கோடை விடுமுறையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரப் பயிற்சி. கண்ணைப் பார்த்துப் பேசுவது, கை குலுக்குவது, டை கட்டுவது, தொலைபேசியில் செய்தி வாங்கிக் குறிப்பது, மின்னஞ்சலில் 'ஹாய்' என்று மட்டும் எழுதாமல் இருப்பது. பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்துவதுதான் மரியாதை என்று வளர்த்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கண்ணைப் பார்க்கும் பாடம் எவ்வளவு கஷ்டம் என்று நமக்குச் சொல்லவே வேண்டாம். பயிற்சி முடிவில் 'டிராஃப்ட் டே' என்று ஒரு விழா. அமெரிக்கக் கால்பந்து அணிகள் ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி எடுப்பதுபோல, நிறுவனங்களின் ஆட்கள் வந்திருக்க, மேடையில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் எந்த நிறுவனம் என்பதும் அறிவிக்கப்படும். தொப்பியோ சட்டையோ மாட்டிவிடுவார்கள். கீழே அம்மா அப்பா கைதட்டிக் கூச்சல். பதினாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு வங்கியோ வழக்கறிஞர் அலுவலகமோ மருத்துவமனையோ 'நீ எங்கள் ஆள்' என்று கூட்டத்தின் நடுவில் சொல்வது சின்ன விஷயமில்லை.

வேலை நாளில் பிள்ளைகள் காலையில் பள்ளிக்குத்தான் முதலில் வருவார்கள். உடை சரிபார்ப்பு, ஜெபம், பிறகு வேன், பஸ் அல்லது ரயில். மாலையில் அதேபோல் பள்ளிக்குத் திரும்பி வீட்டுக்கு. இழந்த வகுப்பு நாட்களை ஈடுகட்ட மற்ற நாட்களில் பள்ளி நேரம் நீளம், கல்வி ஆண்டும் நீளம். சேரும்போது பல பிள்ளைகள் கணக்கிலும் வாசிப்பிலும் இரண்டு வகுப்புப் பின்தங்கியே வருகிறார்கள் என்பதால் முதல் ஆண்டில் ஆங்கிலமும் கணிதமும் இரட்டை நேரம் ஓடும் பள்ளிகளும் உண்டு. இதற்கு எங்கிருந்து நேரம் எடுப்பார்கள்? இசை, ஓவியம், விருப்பப் பாடங்களிலிருந்துதான். வசதியான கத்தோலிக்கப் பள்ளியில் இருபது விளையாட்டு அணி என்றால் இங்கே அதில் பாதி இருந்தால் பெரிது. கால்பந்து மட்டும் எப்படியும் இருக்கும். மெக்சிகோ வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து அதைப் பறித்துவிட்டு யாரும் பள்ளி நடத்த முடியாது.

எங்கள் அலுவலகத்தில் முதல் ஆண்டு நடந்த ஒன்றை மறக்க முடியவில்லை. பள்ளியிலிருந்து வந்த பையன் மதிய உணவு நேரத்தில் ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ரொட்டியைச் சாப்பிடுவான். அவசரமாம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் வாரம்தான் தெரிந்தது, உணவறையில் நாற்காலிகள் 'வேலை பார்ப்பவர்களுக்கு' என்று அவன் நினைத்திருக்கிறான். கோப்பு எங்கே, ஸ்டேப்ளர் எங்கே என்று எல்லாம் காட்டிய நான், உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதைச் சொல்லவில்லை.

வேலை என்னவோ பெரிய வேலை இல்லை. ஸ்கேன் செய்வது, தபால் பிரிப்பது, எக்செல் தாளில் எண்களை ஏற்றுவது, வரவேற்பு மேசையில் இருப்பது. நல்ல மேற்பார்வையாளர் கிடைத்தால் மூன்றாம் ஆண்டில் வேலை வளரும். கிடைக்காவிட்டால் நாள் முழுக்கக் காகிதம் கிழிக்கும் இயந்திரத்தோடு நிற்க வேண்டியதுதான். அப்படிச் சலித்துப்போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது. ஸ்பானிய மொழி மட்டுமே பேசும் வாடிக்கையாளர்கள் அழைத்தால் அலுவலகமே எங்களிடம் வந்த ஒரு மாணவியைத் தேடும். வங்கியிலும் மருத்துவமனையிலும் அம்மாவுக்கு மொழிபெயர்த்துப் பழகியவள் அவள். வீட்டில் சுமையாக இருந்த அதே திறமைக்கு இங்கே நன்றி சொல்லி நின்றார்கள் பெரியவர்கள்.

வேலையிலிருந்து நீக்கப்படுவதும் உண்டு. தாமதம், கைபேசி, தூக்கம் ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். நீக்கப்பட்ட பிள்ளையைத் திரும்பப் பயிற்சிக்கு அனுப்பி வேறு இடம் பார்ப்பார்கள். மறுபடி மறுபடி நடந்தால் பள்ளியிலேயே இருக்க முடியாது. படிப்பில் தேறிக்கொண்டிருக்கும் பிள்ளைகூட இப்படி வெளியேற நேரிடும் என்பது இந்த முறையின் கடுமையான பக்கம். இன்னொன்றும் உண்டு. வேலை செய்யச் சட்டப்படித் தகுதியுள்ள ஆவணம் வேண்டும். குடியேறியவர்களுக்காகத் தொடங்கிய பள்ளியின் வாசலில், ஆவணமில்லாத குடும்பத்துப் பிள்ளைதான் முதலில் தடுக்கி நிற்கிறது. இதைச் சமாளிக்க ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு வழி தேடியிருக்கிறது.

சமய வாழ்க்கை எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதை விட்டால் பள்ளியின் பாதி விட்டுப்போகும். பிள்ளைகள் எல்லோரும் கத்தோலிக்கர் அல்லர். பல ஊர்களில் பாதிப் பேர் வேறு சபையினர் அல்லது எந்தச் சபையும் சேராதவர்கள். ஆனாலும் மறைக்கல்வி வகுப்பும் திருப்பலியும் எல்லோருக்கும். நற்கருணை (திருப்பலியில் கொடுக்கும் அப்பம்) வாங்காதவர்கள் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசையில் போய் ஆசீர் மட்டும் வாங்கித் திரும்புவார்கள். மெக்சிகோ வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் டிசம்பர் 12, குவாதலூப்பே மாதா திருநாள், கிறிஸ்துமஸை விடப் பெரிதாகத் தெரியும்; நம் ஊர் வேளாங்கண்ணிக் கொடியேற்றம் பார்த்தவர்களுக்கு அந்த முகங்கள் புரியும். பள்ளியின் பெயருக்கும் அங்கே தனி ஒலி உண்டு. 1927-ல் மெக்சிகோ அரசு சுட்டுக் கொன்ற இயேசு சபைக் குரு மிகேல் புரோ, கைகளை விரித்து "வீவா கிறிஸ்தோ ரேய்" என்று சொல்லித்தான் இறந்தார். பாட்டிமார் அறிந்த வரலாறு அது. மேல்வகுப்புகளில் சில நாட்கள் வெளியூரில் தங்கும் தியானம் நடக்கும். படித்து முடித்த பல ஆண்டு கழித்தும் பிள்ளைகள் பேசுவது அதைப் பற்றித்தான், இயற்பியல் வகுப்பைப் பற்றி அல்ல.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வந்த பையனைப் பார்த்து எங்கள் அலுவலகத் தமிழ் நண்பர் ஒருவர், "தம்பி, விபூதியா?" என்று கேட்டேவிட்டார், அதுவும் தமிழில். அவன் விழித்தான். போன ஆண்டுக் குருத்து ஞாயிறு ஓலையை எரித்த சாம்பல் என்று பிறகு அவன் விளக்க, இவர் மாட்டுச் சாணம் வரைக்கும் போய்விட்டார். அன்று வேலை அவ்வளவாக நடக்கவில்லை.

வளர்ச்சி பற்றிக் கேட்டீர்கள். இங்கேதான் இந்தப் பள்ளி மற்றப் பள்ளிகளிலிருந்து வேறுபடுகிறது. சாதாரணப் பள்ளி வளர வகுப்பறை வேண்டும், ஆசிரியர் வேண்டும், சேர ஆள் வேண்டும். இங்கே இவற்றோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் கால்வாசி வேலை வேண்டும். 400 பிள்ளைகள் என்றால் ஊரில் 100 வேலை. அடுத்த ஆண்டு 100 பிள்ளைகளைக் கூடுதலாகச் சேர்க்க ஆசைப்பட்டால், கட்டட வரைபடத்துக்கு முன்னால் 25 வேலைகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கென்றே பள்ளியில் ஆட்கள் இருப்பார்கள், விற்பனைப் பிரதிநிதிபோல நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்க. புதிய ஊரில் பள்ளி திறக்க வருபவர்களிடமும், வேலை தருவதாக ஒப்புக்கொண்ட நிறுவனங்களின் உறுதி எங்கே என்றுதான் கேட்பார்கள்.

சிகாகோவுக்கு அடுத்து 2001-ல் போர்ட்லண்டில் தெலசால் சபையார் என்ற இன்னொரு துறவற சபையினர் இந்த முறையில் ஒன்றைத் திறந்தார்கள். முதலீட்டாளர் பி. ஜே. காசினும் பிறகு கேட்ஸ் அறக்கட்டளையும் பணம் போட, வேகம் பிடித்தது. டென்வர், நியூயார்க், 2007-ல் பால்டிமோர், மினியாபொலிஸ், இண்டியானாபொலிஸ் என்று ஒரே ஆண்டில் பல. வாஷிங்டனை அடுத்த டகோமா பார்க்கில் சலேசிய சபையார். அதே 2007-ல் திறந்த ஒமாஹா பள்ளி 2011-ல் மூடப்பட்டது. பொருளாதாரச் சரிவில் போதிய பிள்ளைகளும் வேலைகளும் பணமும் சேரவில்லை. நுவார்க்கில் திறந்தது 2020-ல் மூடியது. கொரோனா ஆண்டில் அலுவலகங்களே காலியானபோது மற்றப் பள்ளிகள் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலைகளைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கின. அலுவலகங்கள் பாதி நாள் ஆளில்லாமல் கிடக்கும் இந்தக் காலத்தில், மேற்பார்வையாளரே வராத செவ்வாய்க்கிழமை ஒரு பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்பது இன்றும் தீராத தலைவலி.

நாலாம் ஆண்டு முடிவில், எந்தக் கல்லூரிக்குப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் மேடையேறி அறிவிக்கும் நாள் ஒன்று உண்டு. டிராஃப்ட் டே அன்று கைதட்டிய அதே அம்மா அப்பாதான் கீழே. பெரும்பாலானவர்கள் கல்லூரியில் சேர்கிறார்கள். சேர்ந்தவர்கள் எல்லோரும் பட்டம் வாங்கிவிடுவதில்லை. வீட்டுக் கஷ்டம், கடன், தனிமை என்று நடுவில் நின்றவர்கள் நிறைய. அதனால் இப்போது கல்லூரிக்குப் போனபின்னும் பழைய மாணவர்களைத் தொடர்ந்து கவனிக்கத் தனி ஆலோசகர் வைக்கிறார்கள்.

நம் ஊரில் முடியுமா? சட்டம் முழுத் தடை போடவில்லை. இந்தியக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழே வேலை கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்கள்தான் கூடாது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு எழுதும் பிள்ளையை வாரம் ஒரு நாள் அலுவலகத்துக்கு அனுப்பச் சம்மதிக்கும் பெற்றோர் எத்தனை பேர்? பிள்ளையைக் காட்டிலிருந்தும் தறியிலிருந்தும் தீப்பெட்டி ஆலையிலிருந்தும் பிரித்துப் பள்ளியில் உட்கார வைக்க மதிய உணவு போட்ட ஊர் இது. படிப்பதற்காக வேலைக்குப் போ என்று இங்கே ஒரு பாதிரியார் சொன்னால், பையனின் தாத்தாவே சண்டைக்கு வருவார். அரசு உதவி பெறும் பள்ளியில் அந்தத் தேவையும் எழவில்லை. கட்டணத்துக்குத் திணறுவது அதே வளாகத்தில் இருக்கும் சுயநிதிப் பிரிவுப் பிள்ளைகள். அவர்களில் பதினோராம் வகுப்பிலிருந்து மட்டும், விடுமுறை மாதங்களில் மட்டும், ஊரிலுள்ள வங்கி, மருத்துவமனை, ஆடிட்டர் அலுவலகங்களோடு பேசி ஒரு பள்ளி முயன்று பார்க்கலாம். அப்படி யாராவது முயன்றால் என்னிடம் கேட்கட்டும், உணவறையில் நாற்காலி எங்கே என்பதிலிருந்து சொல்லித் தருகிறேன்.